கம்பைலரே விழுந்துவிட்டால்: வகைச் சரிபார்ப்பி முறிவைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாஸ்கெல், ஓகேமல், ஸ்காலா போன்ற மொழிகளுக்குப் புதிதாக வருபவர்கள் கம்பைலரிடம் திட்டு வாங்கச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். இங்கே எண் வர வேண்டும், நீங்கள் சரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்கிறது அதன் வகைச் சரிபார்ப்பி, அதாவது மதிப்புகளின் வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பகுதி; திருத்துகிறோம், மேலே போகிறோம். ஒரு நாள் அந்தத் திட்டுக்குப் பதிலாக வேறொன்று வருகிறது. ‘பேனிக்!’ என்று ஒரு சொல், பக்கத்தில் நடக்க முடியாதது நடந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு, அதன் கீழ் இதுவரை பார்த்திராத பெயர்களின் அடுக்கு, கடைசியில் இதை வழுவாகப் புகார் செய்யுங்கள் என்ற வேண்டுகோள். ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சி முறிந்து விழும் விதம் இது.

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலோர் நிரலை அங்குமிங்கும் மாற்றிப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு மாற்றத்தில் செய்தி மறைந்துவிடும். ஏன் வந்தது, ஏன் போனது என்பது தெரியாது. தடயமும் கையில் இருக்காது. அடுத்த மாதம் வேறொரு கோப்பில் அதே முறிவு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. கீழே உள்ளவை ஜிஎச்சியை மையமாக வைத்து எழுதப்பட்டவை. மற்ற மொழிகளுக்கும் வரிசை இதுதான்.

படி 1: இது முறிவுதானா?

மிரட்டும் செய்தி எல்லாம் முறிவு ஆகிவிடாது. கோப்பின் பெயர், வரி எண், எதிர்பார்த்த வகை, கிடைத்த வகை என்று சொல்லியிருந்தால், அது இரண்டு பக்கம் நீண்டாலும் சாதாரணப் பிழைச் செய்திதான். கம்பைலர் நலமாக இருக்கிறது, பிழை உங்களுடையது. ஜிஎச்சியின் ‘ரிடக்‌ஷன் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ’ என்ற செய்தியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். வகைக் கட்டுப்பாடுகளைத் தீர்க்கும்போது ஆழம் 200ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்று போடப்பட்ட வேலி அது. உங்கள் இன்ஸ்டன்ஸ்களோ (ஒரு கிளாஸின் செயல்களை ஒரு வகைக்கு வரையறுப்பவை) டைப் ஃபேமிலிகளோ (வகையிலிருந்து வகையைக் கணக்கிடுபவை) ஒன்றையொன்று முடிவில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே வழக்கமாக அதன் பொருள். வேலியை நீக்கக் கட்டளையில் சேர்க்க வேண்டிய ஃப்ளாக்கைச் செய்தியே சொல்லிக் கொடுக்கும். காரணம் புரியும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து, நினைவகம் தீர்ந்துபோவது. கம்பைலர் நெடுநேரம் ஓடி, கணினியே திணறி, கடைசியில் ஒரு சொல்லும் சொல்லாமல் செத்துப்போகும். லினக்ஸில் ஷெல் தரும் முடிவு எண் 137 என்றால் இயங்குதளமோ வேறு யாரோ அதை வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். 139 என்றால் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு விழுந்திருக்கிறது. முதலாவதற்குக் கம்பைலரைக் குறை சொல்ல முடியாத சூழ்நிலையும் உண்டு. ஒரு ஃபங்ஷன் தனக்குக் கிடைத்ததை இரண்டு பிரதிகளாக ஒரு ஜோடியில் வைத்துத் தருகிறது என்று கொள்வோம். அதை அதனோடே தொடுத்து இரண்டாவது ஃபங்ஷனை எழுதுங்கள். இரண்டாவதை அதனோடே தொடுத்து மூன்றாவது. இப்படியே ஆறாவது வரை. விளைவின் வகையில் உள்ள பிரதிகள் 2, 4, 16, 256, 65,536 என்று ஏறி, ஆறாவதில் 429 கோடியைத் தாண்டும். எழுதியது ஆறு வரி. ஹிண்ட்லி–மில்னர் முறையிலான வகை அனுமானம் (நாம் எழுதாத வகைகளைக் கம்பைலரே கண்டுபிடிப்பது) மோசமான நிலையில் அடுக்குக்குறி அளவில் வீங்கும் என்பது 1990இலேயே நிறுவப்பட்டது. அன்றாட நிரல்களில் அது தலைகாட்டுவதில்லை என்பதால்தான் நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

ஜிஎச்சிக்கு நினைவக உச்சவரம்பு வைக்க, கட்டளையில் ‘+ஆர்டிஎஸ் -எம்2ஜி -ஆர்டிஎஸ்’ என்று சேர்த்தால் இரண்டு ஜிகாபைட்டைத் தொட்டதும் அது ஒழுங்காக நின்றுவிடும். கணினி உறைந்துபோகாமல் சோதனை செய்ய இது கட்டாயம் வேண்டும். ஸ்காலாவில் ஸ்டேக் (ஃபங்ஷன் அழைப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகம்) நிரம்பி விழுந்தால் ஜாவா இயந்திரத்தின் ஸ்டேக் அளவைக் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் கடந்து போனால், நிரல் ஆழமானது, அவ்வளவுதான். எவ்வளவு கூட்டினாலும் விழுந்தால் சரிபார்ப்பி முடிவில்லாச் சுழலில் சிக்கியிருக்கிறது, அது வழு.

மூன்றாவது, உண்மையான முறிவு. ஜிஎச்சியில் பேனிக், ஓகேமலில் ‘ஃபேட்டல் எரர்: எக்ஸெப்ஷன்’ என்று தொடங்கி கம்பைலரின் உள்கோப்பு ஒன்றின் பெயர், அக்டா என்ற மொழியில் ‘இன்டர்னல் எரர்’ என்று சொல்லிப் புகார் செய்யக் கேட்கும் செய்தி, ஸ்காலாவில் ஜாவா பாணியில் நீளமான ஸ்டேக் டிரேஸ். எல்லாவற்றுக்கும் அடையாளம் ஒன்றே: செய்தி உங்கள் நிரலைப் பற்றிப் பேசாமல் கம்பைலரின் உட்புறத்தைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் நிரல் தப்பாகவே இருக்கட்டும். தப்பு என்று சொல்ல வேண்டிய கடமை கம்பைலருக்கு உண்டு; விழுந்து கிடக்க உரிமை இல்லை.

படி 2: எதையும் மாற்றாமல் பாதுகாத்து வையுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. முறிவு வந்த நிலையை அப்படியே கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் தனிக் கிளையாகப் பதிவு செய்யுங்கள். முழுச் செய்தியையும் எழுத்தாக ஒரு கோப்பில் சேமியுங்கள். திரையைப் படம் பிடித்து வைத்தால் பின்னால் தேட முடியாது. கம்பைலர் பதிப்பு, கொடுத்த கட்டளை, நிரலகங்களின் பதிப்புகள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டுமானக் கோப்புகளை அழிக்கக் கை துடிக்கும். அழிக்கலாம், ஆனால் நகல் எடுத்த பின். சில முறிவுகள் பாதிக் கட்டுமானத்தின் மேல் மறுபடி கட்டும்போது மட்டுமே வரும். பழைய இடைமுகக் கோப்பும் புதிய மூலநிரலும் பொருந்தாமல் போவதே காரணமாக இருக்கும். அந்த நகலைத் தொலைத்தால் முறிவும் தொலைந்தது. சுத்தமாக மறுபடி கட்டியதும் மறைந்துவிட்டால் வேலையைத் தொடருங்கள், நகலை மட்டும் வைத்திருங்கள்.

எடிட்டருக்குள் மட்டும் விழுகிறதா என்பதையும் பாருங்கள். எடிட்டரில் பிழைகளைக் காட்டித் தரும் ஹாஸ்கெலின் லாங்குவேஜ் சர்வர், கம்பைலரையே நிரலகமாக உள்ளே வைத்து ஓடுகிறது. கட்டளை வரியில் அதே கோப்பு சரியாகக் கடந்தால் விசாரணை வேறு வாசலில் தொடங்க வேண்டும்.

படி 3: எந்தக் கட்டத்தில் விழுந்தது?

கம்பைலர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்வதில்லை. ஜிஎச்சியில் தொடரலசல், பெயர்த் தீர்வு, வகைச் சரிபார்ப்பு, பிறகு ‘கோர்’ என்ற சிறிய உள்மொழிக்கு மாற்றம், அதன்மேல் மேம்படுத்தல், கடைசியில் இயந்திரக் குறிமுறை. விழுந்த கட்டத்தைத் தெரிந்துகொள்ள ‘-வி’ ஃப்ளாக் போதும். மூன்று நட்சத்திரக் குறிகளோடு ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் அச்சாகும்; கடைசியாக அச்சானதே விழுந்த இடம்.

விரைவான வேறு இரண்டு சோதனைகளும் உண்டு. ‘-எஃப்நோ-கோடு’ என்ற ஃப்ளாக்கோடு ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் குறிமுறை உருவாக்கும் பிற்பகுதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மேம்படுத்தலை ‘-ஓ0’ கொண்டு அணைத்ததும் முறிவு மறைந்தால் மேம்படுத்தியே முதல் சந்தேகத்துக்குரியது. ஓகேமலில் வகைச் சரிபார்ப்போடு நிறுத்தச் சொல்லலாம், ஸ்காலா 3இலும் அப்படியே.

ஆனால் விழுந்த இடமும் தவறு நடந்த இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வகைச் சரிபார்ப்பி சரி, தவறு என்று தீர்ப்பு சொல்வதோடு நிற்பதில்லை. எந்த இன்ஸ்டன்ஸை எங்கே பயன்படுத்த வேண்டும், எந்த வகை எந்த வகைக்குச் சமம் என்பதற்கான சான்றுகளையும் நிரலுக்குள் நெய்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சான்று பழுதாக இருந்தால் அது பல கட்டங்கள் தாண்டிப் போய் வெடிக்கும். ‘எஸ்டிஜிசிஎம்எம்என்வி: வேரியபிள் நாட் ஃபவுண்ட்’ என்ற பேனிக் கிடைத்தால், குறிமுறை உருவாக்கி ஒரு மாறியைத் தேடிக் காணாமல் விழுந்திருக்கிறது, அந்த மாறியைத் தொலைத்தது முந்தைய கட்டங்களில் ஏதோ ஒன்று.

இதற்காகவே ‘-டிகோர்-லின்ட்’ என்ற ஃப்ளாக் இருக்கிறது. கோர் மொழிக்கும் கறாரான வகைகள் உண்டு. இந்த ஃப்ளாக், மாற்றங்களுக்கு இடையே கோர் நிரலை மறுபடி சரிபார்த்துக்கொண்டே போகிறது. முதல் கோர் வடிவத்திலேயே லின்ட் குறை சொன்னால் வகைச் சரிபார்ப்பியையோ அதை ஒட்டிய மாற்றியையோ பிடிக்கலாம். புதியவர்களுக்கு நான் ஒரே ஒரு ஃப்ளாக்கைத்தான் சொல்லித் தரலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ‘-டிடம்ப்-டிசி-டிரேஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. சரிபார்ப்பியின் ஒவ்வொரு அசைவையும் கொட்டும். சிறிய நிரலுக்கே ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 4: செய்தியை வாசியுங்கள்

ஜிஎச்சி 9.0 முதல் அதன் உள் மாட்யூல்களின் பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. அடுக்கில் ‘ஜிஎச்சி.டிசி’ என்று தொடங்கும் பெயர்கள் வகைச் சரிபார்ப்பியுடையவை, ‘ஜிஎச்சி.ரீநேம்’ பெயர்த் தீர்வு, ‘ஜிஎச்சி.கோர்’ உள்மொழி. அடுக்கின் உச்சியில் பேனிக் எழுப்பும் பொது ஃபங்ஷன்களே இருக்கும். அவற்றுக்கு அடுத்து வரும் பெயரே நமக்குத் தேவையானது.

செய்திக்குள் ஒரு மாறியின் பெயரோடு சதுர அடைப்புக்குள் ‘டவ்:1’ என்று இருந்தால், சரிபார்ப்பி இன்னும் கண்டுபிடிக்காத, நிரப்பப்பட வேண்டிய வகை மாறி அது. ‘எஸ்கே:1’ என்று இருந்தால் ஸ்கோலம். அதாவது ஃபங்ஷனின் வகையை எழுதும் கையொப்பத்தில் நீங்கள் எந்த வகையும் ஆகலாம் என்று அறிவித்ததால் சரிபார்ப்பி தொடக்கூடாமல் நிலைநிறுத்திய மாறி. எண் குறிப்பது அது எத்தனை அடுக்கு உள்ளே பிறந்தது என்பதை.

பழைய பதிப்புகளில் அடிக்கடி வந்த ‘நோ ஸ்கோலம் இன்ஃபோ’ என்ற பேனிக் இங்கே நல்ல பாடம். சரிபார்ப்பி உங்கள் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டது. அதை விளக்கிச் சொல்லச் செய்தி தயாரிக்கும்போது இந்த ஸ்கோலம் எங்கிருந்து வந்தது என்ற தகவல் கிடைக்காமல் விழுந்துவிட்டது. ஆக, நிரலிலும் பிழை உண்டு, கம்பைலரிலும் வழு உண்டு. உங்கள் பிழையைத் திருத்தினாலே பேனிக் மறைந்துவிடும். வகைச் சரிபார்ப்பி விழும்போது என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்த நிரல் உண்மையில் வகை பொருந்தியதா? அண்மையில் மாற்றிய வரிகளைக் காகிதத்தில் வகை எழுதிச் சரிபாருங்கள். கையொப்பத்தில் ஒரு வகை மாறி விடுபட்டிருப்பதும் கைண்ட் (வகைகளின் வகை) பொருந்தாமல் இருப்பதும் அடிக்கடி அகப்படும்.

படி 5: சுருக்குங்கள்

உழைப்பு முழுவதும் இங்கேதான். நூற்றுக்கணக்கான வரிகளில் வந்த முறிவைப் பத்துப் பதினைந்து வரிகளில் வரவைக்க வேண்டும். அதுவரை காரணத்தை ஊகிக்காதீர்கள். ஊகம் கையைப் பிடித்து இழுக்கும். எது தேவையில்லை என்பதை நிரலே சொல்லட்டும்.

முறிவு தரும் மாட்யூலைத் தனி அடைவுக்கு நகலெடுத்து, கேபல், ஸ்டேக் ஆகிய கட்டுமானக் கருவிகள் இல்லாமல் நேராக ஜிஎச்சியிடம் கொடுங்கள். ஜிஎச்சி 9.2 முதல், மொழிப்பதிப்பைச் சொல்லாமல் நேராக ஓட்டினால் ‘ஜிஎச்சி2021’ என்ற எக்ஸ்டென்ஷன் (மொழிக்கான கூடுதல் வசதி) தொகுப்பு தானாகவே இயங்கும். உங்கள் கேபல் கோப்பு ஹாஸ்கெல்2010 என்று சொல்லியிருந்தால் இரண்டும் வேறு வேறு மொழிகள் போலத்தான். முறிவு திடீரென்று மறைந்துவிட்டது என்று குழம்ப வேண்டாம். மொழிப்பதிப்பையும் கேபல் கோப்பில் உள்ள எக்ஸ்டென்ஷன்களையும் கோப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு வெட்டத் தொடங்குங்கள். பாதி வரையறைகளை நீக்குங்கள், ஓட்டுங்கள். முறிவு அப்படியே இருந்தால் நீக்கியது நீங்கியதாகவே இருக்கட்டும். போய்விட்டால் திரும்ப வைத்து மற்ற பாதியை நீக்குங்கள். ஒவ்வொரு வெற்றியையும் கிட்டில் பதிவு செய்யுங்கள்.

ஃபங்ஷனின் உடலைத் தூக்கி எறிய ஓர் எளிய உபாயம் இருக்கிறது. கையொப்பத்தை வைத்துக்கொண்டு உடலுக்குப் பதிலாக ‘அன்டிஃபைன்ட்’ என்று எழுதுங்கள். அது எந்த வகைக்கும் பொருந்தும் என்பதால், அந்த ஃபங்ஷனை அழைப்பவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஓகேமலில் ‘அசெர்ட் ஃபால்ஸ்’, ஸ்காலாவில் மூன்று கேள்விக்குறிகள், அக்டாவில் ‘போஸ்டுலேட்’ இதே வேலையைச் செய்யும். ஹாஸ்கெல் இன்ஸ்டன்ஸ்களின் உட்பகுதியையும் காலி செய்யலாம்; எச்சரிக்கை வரும், பிழை வராது. டேட்டா வகைகளின் கன்ஸ்ட்ரக்டர்களையும் நீக்கிப் பாருங்கள். கையொப்பமே இல்லாத ஃபங்ஷனில் மட்டும் கவனம் தேவை: அதன் வகை உடலிலிருந்துதான் அனுமானிக்கப்படுகிறது, உடலை எடுத்தால் வகையே மாறிவிடும். அங்கே உடலின் உள்ளே சிறிது சிறிதாகத்தான் வெட்ட வேண்டும்.

வெளி நிரலகங்களிலிருந்து வரும் கிளாஸ்களையும் வகைகளையும் உங்கள் கோப்பிலேயே நகலெடுத்து, அவற்றையும் வெட்டுங்கள். இறக்குமதி வரி ஒன்றும் மிஞ்சாத நிரலே இலக்கு. கம்பைல் நேரத்தில் நிரலை உருவாக்கும் டெம்ப்ளேட் ஹாஸ்கெல் இருந்தால் ‘-டிடம்ப்-ஸ்ப்ளைசஸ்’ தரும் விரிவை ஒட்டுங்கள். இன்ஸ்டன்ஸ்களைத் தானாக எழுதும் டெரைவிங் இருந்தால் ‘-டிடம்ப்-டெரிவ்’. வகைச் சரிபார்ப்பிக்கான ப்ளகின் எதையாவது போட்டிருக்கிறீர்களா என்று முதலிலேயே பாருங்கள். எண்கணித வகைகளுக்காகப் பலர் போடுவது உண்டு. அதை எடுத்ததும் பேனிக் வேறு பிழையாக மாறினால், கம்பைலர்காரர்களுக்கு முன் அந்த ப்ளகினை எழுதியவர்களிடம் போக வேண்டியிருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன்களைக் கடைசியில், ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஜிஏடிடிஸ், டைப்ஃபேமிலிஸ் இரண்டும் ‘மோனோலோக்கல்பைண்ட்ஸ்’ என்பதையும் சேர்த்தே இயக்குகின்றன; அது லெட்டுக்குள் உள்ள வரையறைகளின் வகை அனுமானத்தையே மாற்றுகிறது. ஜிஏடிடிஸை நீக்கியதும் முறிவு மறைந்தால் குற்றவாளி இந்தத் துணையாளாகவும் இருக்கலாம். அதை மட்டும் தனியே இயக்கிப் பாருங்கள்.

வெட்டுவதைத் தானியங்கியாகவும் செய்யலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெட்யூஸ் என்ற கருவி முதலில் சி மொழிக்கானது. சி அல்லாத கோப்புகளுக்கும் அதில் ஒரு தெரிவு உண்டு. முறிவு இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் சிறிய ஸ்கிரிப்டை நீங்கள் எழுதித் தர வேண்டும். அதில் கம்பைலர் தோற்றதா என்று மட்டும் பார்த்தால், அது வெட்டி வெட்டி ஒரு வெறும் தொடரிலக்கணப் பிழையைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டும். பேனிக் செய்தியின் குறிப்பிட்ட சொற்றொடரை ஸ்கிரிப்ட் தேட வேண்டும். கையால் வெட்டும்போதும் இதே கண்டிப்பு வேண்டும்: வேறொரு பேனிக்குக்கு வழுக்கிவிட்டால் உடனே பின்வாங்குங்கள்.

படி 6: வேலையைத் தொடர மாற்று வழி

சுருக்கிய நிரல் கையில் இருந்தால் இது எளிது. முதலில் ஜிஎச்சிஅப் என்ற நிறுவிக் கருவி மூலம் புதிய பதிப்பை நிறுவி ஓட்டுங்கள். அதில் சரியாகியிருந்தால், பதிப்பை உயர்த்த முடியுமா என்பதே கேள்வி. முடியாதென்றால் முறிவைச் சுற்றிப் போக வேண்டும். முழுக் கையொப்பம் எழுதுவது பெரும்பாலும் பலன் தருகிறது. அனுமானிக்க வேண்டியது குறையக் குறைய, விழும் வாய்ப்பும் குறைகிறது. வகைகளுக்கே கைண்ட் கையொப்பம் எழுத 8.10 முதல் வசதி இருக்கிறது. உள்ளே புதைந்த ஃபங்ஷனை மேல் மட்டத்துக்கு எடுத்துவந்து கையொப்பம் கொடுங்கள். உள்ளீட்டுக்குப் பெயரிடாமல் தொடுத்து எழுதிய ஃபங்ஷனுக்கு மாறியை வெளிப்படையாகக் கொடுங்கள். கையொப்பத்தில் ‘_’ குறி போட்டு விட்ட இடங்களை நிரப்புங்கள்.

செய்த மாற்றத்தின் மேல் ஒரு குறிப்புரை எழுதிவிடுங்கள்: எந்தப் பதிப்பின் எந்த முறிவுக்காக இந்தச் சுற்றுவழி, புகார் எண் என்ன. அது இல்லாவிட்டால், தேவையில்லாமல் நீளமாக இருக்கிறதே என்று யாராவது நல்லெண்ணத்தோடு பழையபடி மாற்றிவிடுவார்கள்.

படி 7: புகார் செய்யுங்கள்

ஜிஎச்சிக்கான புகார்கள் ஹாஸ்கெலின் சொந்த கிட்லேப் தளத்தில் பெறப்படுகின்றன. முதலில் தேடுங்கள். தேடும்போது பேனிக்கின் நிலையான சொற்களையும் அடுக்கில் உள்ள ஃபங்ஷன் பெயரையும் கொடுங்கள். மாறிப் பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும் ஒவ்வொரு நிரலுக்கும் மாறுபவை, அவற்றைத் தேடிப் பயனில்லை. அதே முறிவு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் உங்கள் சிறிய நிரலை அங்கே சேர்க்கலாம், அது இருப்பதைவிடச் சிறியதாகவோ வேறு பதிப்பில் விழுவதாகவோ இருந்தால்.

புதிய புகாரில் வேண்டியவை: சுருக்கிய நிரல், அப்படியே ஒட்டி ஓட்டக்கூடிய கட்டளை, முழுச் செய்தி, இயங்குதளம், எந்தெந்தப் பதிப்புகளில் விழுகிறது, எவற்றில் விழவில்லை. நிரல் ஏற்கப்பட வேண்டியதா, பிழை என்று நிராகரிக்கப்பட வேண்டியதா என்ற உங்கள் கருத்தையும் எழுதுங்கள். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே எழுதலாம். அலுவலக நிரலிலிருந்து வெட்டியது என்றால் பெயர்களை மாற்றிவிட்டுப் போடுங்கள். சுருக்கிய பிறகு வணிக ரகசியம் எதுவும் மிஞ்சியிருக்காது, ஆனாலும் பெயர்கள் காட்டிக்கொடுக்கும்.

வழு திருத்தப்படும்போது உங்கள் நிரல் பெரும்பாலும் ஜிஎச்சியின் சோதனைத் தொகுப்பிலேயே போய்ச் சேரும். ‘டி’ எழுத்தோடு புகார் எண்ணைச் சேர்த்து அதற்குப் பெயர் வைப்பார்கள். ஏற்கப்பட வேண்டியதாக இருந்தால் ‘ஷுட்-கம்பைல்’ அடைவில், நிராகரிக்கப்பட வேண்டியதாக இருந்தால் ‘ஷுட்-ஃபெயில்’ அடைவில். திருத்தம் எந்தப் பதிப்பில் வெளிவருகிறது என்பது புகாரில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பதிப்புக்கு நீங்கள் மாறும் நாளில், குறிப்புரையைத் தேடிப்பிடித்துச் சுற்றுவழியை நீக்கலாம்.